தாயார் பெயரில் ஒரு மணிக்கூண்டு
பருத்தியால் உயர்ந்து, பருத்தியால் சரிந்த பிரேம்சந்த் ராய்சந்தின் கதை

சர்ச்கேட் நிலையத்தில் காலை 9 மணிக்கு மேல் வந்து நிற்கும் ஒவ்வொரு வண்டியிலிருந்தும் இறங்கும் கூட்டத்தில் ஒரு பெரும்பகுதி, ஓவல் மைதானத்தைக் குறுக்காகக் கடந்து கோட்டைப் பகுதிக்குப் போகிறது. மாகிமிலும் அந்தேரியிலும் வண்டி ஏறும் நம்மவர்களும் அதில் உண்டு. லேட் மார்க் விழுமா, தப்புமா என்று அவர்கள் நிமிர்ந்து பார்ப்பது எதிரே நிற்கும் மணிக்கூண்டைத்தான்.

அதன் பெயர் ராஜாபாய் கோபுரம். பெயரைக் கேட்டு யாரோ ஒரு ராணி என்று எண்ணுபவர்கள் உண்டு. ராஜாபாய் ராணி அல்ல. சூரத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு ஜைனக் குடும்பத்துப் பெண்மணி. அவருடைய மகன் பிரேம்சந்த் ராய்சந்த், மும்பை பல்கலைக்கழகத்தின் நூலகத்தையும் அதன் மேல் எழும் இந்தக் கோபுரத்தையும் கட்டுவதற்குப் பணம் கொடுத்தவர். ஒரு காலத்தில் பம்பாயின் பருத்திச் சந்தையையும் ஷேர் மார்க்கெட்டையும் தன் விரல் நுனியில் வைத்திருந்தவர். கோபுரத்துக்கு அஸ்திவாரக் கல் விழுந்தபோது அவர் திவாலாகியிருந்தார்.

சூரத்திலிருந்து வந்த பையன்

பிரேம்சந்த் பிறந்தது 1831-ம் ஆண்டு மார்ச் மாதம், சூரத்தில். தந்தை ராய்சந்த் தீப்சந்த் வியாபாரி. சூரத்தின் துறைமுகம் தன் பழைய செழிப்பை இழந்து, வியாபாரம் எல்லாம் பம்பாய்க்கு நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. பிழைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே குடும்பமும் போனது.

பம்பாயில் பையனை இங்கிலீஷ் படிக்க வைத்தார்கள். அதுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. அன்றைய சுதேசித் தரகர்களுக்குக் கணக்கு தலைகீழ்ப் பாடம். ஆனால் வெள்ளைக்காரக் கம்பெனிக்குள் நுழைந்து அவர்கள் மொழியில் பேரம் பேச ஆள் கிடையாது. பிரேம்சந்த், இருபது வயதை ஒட்டி, இங்கிலீஷ் தெரியாத ஒரு பெரிய தரகரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் அவரே தரகர் ஆனார். இங்கிலீஷில் பேசவும் எழுதவும் படிக்கவும் தெரிந்த முதல் இந்தியத் தரகர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம்.

அவருடைய ஞாபகசக்தியைப் பற்றிப் பல கதைகள் உண்டு. நாள் முழுவதும் நடந்த பேரங்களைத் துண்டுக் காகிதத்தில்கூடக் குறித்துக்கொள்ளாமல் மனதிலேயே வைத்திருந்து ஒப்பிப்பாராம். லிவர்பூல் பருத்தி விலையை மற்றவர்களுக்கு முன்னால் அறிய, துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் தபால் கப்பலுக்கே படகு அனுப்புவார் என்பதும் ஒரு கதை. இவற்றில் எத்தனை மெய்யோ, எத்தனை மிகையோ, சீமைத் தந்தி 1865-ல்தான் இந்தியாவை எட்டியது என்பது மட்டும் உண்மை. அதுவரை கப்பல் கொண்டுவரும் செய்திதான் செய்தி. யாருக்கு அது அரை நாள் முன்னால் கிடைத்ததோ, அவர் கையில் சந்தை.

அமெரிக்காவில் சண்டை, பம்பாயில் பணமழை

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு வேண்டிய பருத்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து போய்க்கொண்டிருந்தது. வடக்கத்திய கப்பற்படை தென் துறைமுகங்களை அடைத்துவிட்டது. ஆலை ஓடப் பஞ்சு வேண்டும். இந்தியாவை விட்டால் கதியில்லை. குஜராத், காந்தேஷ், பேரார் என்று எங்கெங்கு விளைந்த பஞ்சும் பம்பாய்த் துறைமுகத்தில் வந்து குவிந்தது. வீட்டு மெத்தை, தலையணைகளைப் பிரித்துப் பஞ்சை விற்றவர்களும் உண்டு என்பார்கள்.

அந்த நாலைந்து வருஷத்தில் வழக்கமான வருமானத்துக்கு மேல் 7 கோடி பவுன் பம்பாய்க்கு வந்தது என்று கணக்குச் சொல்கிறார்கள். இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கம்பெனி ஆரம்பித்தார்கள். 1865 ஜனவரி வாக்கில் நகரில் 31 வங்கிகள், 20 இன்சூரன்ஸ் கம்பெனிகள், 62 கூட்டுப் பங்குக் கம்பெனிகள் இருந்தன. பாதிக் கம்பெனிகளுக்குப் பெயர்ப்பலகைக்கு மேல் வேறொன்றும் கிடையாது. ஆனாலும் ஷேர் விற்றது.

இவற்றில் தலையானது பேக் பே கம்பெனி. மேற்குக் கடலோரத்தைத் தூர்த்து நிலமாக்கி விற்பது அதன் திட்டம். 5,000 ரூபாய் கட்டிய ஷேர் 50,000 ரூபாய் வரை ஏறியது. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் பிரேம்சந்த். ஏஷியாடிக் பாங்கிங் கார்ப்பரேஷனும் அவர் பிடியில் இருந்தது. அரசாங்கமே பங்கு வைத்திருந்த பாங்க் ஆப் பாம்பேயிலும் அவர் சொல் எடுபட்டது. அவர் சிபாரிசு செய்தால் கடன் கிடைக்கும். ஷேர் பத்திரத்தையே ஈடாக வைத்துக் கடன் வாங்கி, அந்தக் கடனில் இன்னும் ஷேர் வாங்கலாம். காலையில் அவர் வீட்டு வாசலில் புதுக் கம்பெனி ஷேருக்காகக் கூட்டம் கூடும். பெரிய வெள்ளை அதிகாரிகளும் அந்த வரிசைக்கு விலக்கல்ல.

33 வயதில் 4 லட்சம்

பம்பாய் பல்கலைக்கழகம் 1857 ஜூலை 18-ல் தொடங்கப்பட்டது. கல்கத்தாவும் சென்னையும் அதே ஆண்டில் தொடங்கியவை. ஆனால் பம்பாய்க்குச் சொந்தக் கட்டிடம் கிடையாது. டவுன் ஹாலில் ஒண்டுக்குடித்தனம்தான். மகாதேவ கோவிந்த ரானடே உள்ளிட்ட முதல் பட்டதாரிகள் 1862-ல் வெளிவந்த காலத்தில்கூட அதுதான் நிலை.

அந்தச் சமயத்தில் கவர்னர் சர் பார்ட்டில் பிரீர் பழைய கோட்டைச் சுவர்களை இடித்து நகரத்தை விரித்துக்கொண்டிருந்தார். சுவர் போன இடத்தில், கடலைப் பார்த்தாற்போல் வரிசையாகப் பெரிய அரசாங்கக் கட்டிடங்கள் எழுப்பத் திட்டம். பல்கலைக்கழகத்துக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கினார்கள். பட்டமளிப்பு மண்டபத்துக்கு, பார்ஸிப் பிரமுகரான காவஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமணி ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்.

1864 ஆகஸ்ட் 27-ல் பிரேம்சந்த் 2 லட்சம் ரூபாய் தருவதாகக் கடிதம் அனுப்பினார்; நகரத்துக்கே அழகு சேர்க்கும்படி ஒரு நூலகம் கட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்த அக்டோபரில் இன்னொரு 2 லட்சம் வந்தது. பெரிய கடிகாரமும் மணிகளும் கொண்ட ஒரு கோபுரத்துக்கு. அதற்குத் தம் தாயார் ராஜாபாயின் பெயரை இட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 33. பெரிய மனிதர்கள் கொடையோடு தங்கள் பெயரையும் கல்லில் வெட்டச் சொல்லும் காலம் அது. இவர் தம் பெயரைக் கேட்கவில்லை.

தாயாரின் பெயரை ஒட்டி ஒரு கதை மும்பையில் இன்றும் சொல்லப்படுகிறது. ராஜாபாய்க்குக் கண் பார்வை கிடையாது. ஜைனர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்தாக வேண்டும். மணியோசையைக் கேட்டு அம்மா நேரம் அறியட்டும் என்றே மகன் கோபுரம் கட்டினார் என்பது கதை. கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் குடும்பத்தின் பங்களா இருந்தது பைகுல்லாவில். பைகுல்லா எங்கே, ஓவல் எங்கே! சாப்பாட்டு நேரம் அறிய வீட்டிலேயே ஒரு கடிகாரம் போதாதா என்று கேட்டால் கதை நிற்காது.

ஜூலை 1

1865 ஏப்ரலில் தென் மாநிலங்களின் தளபதி லீ சரணடைந்தார். அமெரிக்கப் பஞ்சு மறுபடி வரும் என்ற செய்தி வந்ததுமே பம்பாயில் பருத்தி விலை விழத் தொடங்கியது. பருத்தி விழுந்ததும் ஷேர் விழுந்தது. முன்கூட்டியே பேரம் பேசி வைத்திருந்த ஒப்பந்தங்களுக்குக் கெடு ஜூலை 1. அன்று எல்லோரும் எல்லோருக்கும் கடன்பட்டிருந்தார்கள். கொடுக்க யாரிடமும் பணமில்லை. 2,850 ரூபாய் வரை போயிருந்த பாங்க் ஆப் பாம்பே ஷேர் 87 ரூபாய்க்கு வந்தது.

பெரிய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. 1866-ல் பிரேம்சந்தும் கையை விரித்தார். பாங்க் ஆப் பாம்பேயின் மூலதனத்தில் பெரும்பகுதி கரைந்து, 1868-ல் அது மூடப்பட்டு, அதே பெயரில் புது வங்கி ஒன்று தொடங்க வேண்டியதாயிற்று. நடந்ததை ஆராய அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டது. வங்கியை நடத்தியவர்களின் அஜாக்கிரதையும், பிரேம்சந்துக்கு அங்கே இருந்த அளவு மீறிய செல்வாக்கும் அதில் வெளிச்சத்துக்கு வந்தன. இதை மூடி மறைப்பதற்கில்லை. கோபுரத்தைக் கட்டிய அதே கைதான் ஆயிரக்கணக்கானவர்களைச் சூதாட்டத்தில் இழுத்துவிட்டது. போனது கோடீஸ்வரர்களின் பணம் மட்டுமல்ல. சிறுகச் சேர்த்ததைப் போட்ட குமாஸ்தாக்களும் விதவைகளும் அதில் இருந்தார்கள்.

வேலை தேடி வந்தவர்களையும் அது விடவில்லை. 1864-ல் 8,16,562 பேராக இருந்த பம்பாயின் ஜனத்தொகை 1872-ல் 6,44,405 ஆகக் குறைந்தது. பஞ்சு மூட்டை தூக்கவும், கடலைத் தூர்க்கவும், கட்டிட வேலைக்கும் வந்த ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியதும் அதற்கு ஒரு முக்கிய காரணம். அவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை.

பல்கலைக்கழகத்துப் பணம் தப்பியது. 4 லட்சமும் வீழ்ச்சிக்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கென்று ஆகிவிட்டது. இன்னும் ஓர் ஆண்டு கழித்துக் கொடுக்கலாம் என்று பிரேம்சந்த் நினைத்திருந்தால், அது கடன்காரர்களுக்குப் பங்கு போடப்பட்டிருக்கும்.

லண்டனில் வரைந்தது, குர்லா கல்லில் எழுந்தது

கட்டிடத்துக்குப் படம் போட்டவர் சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் முகப்பாக நிற்கும் மிட்லண்ட் கிராண்ட் ஓட்டலைக் கட்டியவரும் அவரே. நம் வி.டி. நிலையத்தை வடிவமைத்த ஸ்டீவன்ஸ் அந்த முகப்பைப் பார்த்துப் பாடம் கற்றவர். ஸ்காட் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. லண்டனில் இருந்தபடியே படங்களை வரைந்து அனுப்பினார். இங்கிருந்த இன்ஜினீயர்களும் கல் தச்சர்களும் அவற்றைக் கல்லாக்கினார்கள்.

பட்டமளிப்பு மண்டபம் 1874-ல் முடிந்தது. பழைய பிரெஞ்சு மாதா கோயிலைப் போன்ற கட்டு. கூம்பிய வளைவுகள், உயர்ந்த கூரை, சுற்றிலும் மாடம். ஒரு கோடியில் வட்டமான பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னல். அதன் ஓரத்தில் மேஷம் முதல் மீனம் வரை 12 ராசிகளும் உண்டு. ஜாதகம் பார்த்துப் பெண் கொடுக்கிற தேசத்தில் பட்டம் வாங்குகிற இடத்திலும் ராசிச் சக்கரம் இருப்பது பொருத்தம்தான்.

நூலகத்துக்கும் கோபுரத்துக்கும் 1869 மார்ச் 1-ல் அடிக்கல் நாட்டினார்கள். இது வெனிஸ் நகரத்துப் பாணி. கீழே வளைவு வளைவாகத் தாழ்வாரம். மூலைகளில் வெளியே தெரியும்படி சுழல் படிக்கட்டுகள். மாடியில் நீண்ட வாசகசாலை. அதன் உயரமான சன்னல்களில் பதித்த வண்ணக் கண்ணாடி, மேற்கு வெயிலைத் தணித்து உள்ளே விடுகிறது. வெளிநாட்டுப் படம்தான் என்றாலும் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குகிற தாழ்வாரங்கள் இந்தச் சீமைக் கட்டிடத்தை இந்த ஊருக்கு உரியதாக்கின. சுவர்களுக்கு வெளிர் மஞ்சள் நிறக் குர்லாக் கல். ஆமாம், நாம் வண்டி மாறுகிற அதே குர்லாதான்.

அதே ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகமும் கடற்கரையில் தன் செனட் மண்டபத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. அதை வரைந்த சிஷோம் சென்னையிலேயே வாழ்ந்து, இந்திய வேலைப்பாட்டையும் முகலாயக் கும்மட்டங்களையும் கலந்தார். இரண்டையும் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் சட்டென்று தெரியும். சென்னையுடையது இந்த மண்ணைப் பார்த்து வரைந்தது. பம்பாயுடையது ஐரோப்பாவைப் பார்த்து வரைந்தது.

ஆனால் ராஜாபாய் கோபுரத்தில் இந்த நாட்டு முகங்கள் வேறு வழியில் ஏறிவிட்டன. கோபுரம் கீழே சதுரம். வண்டி வந்து நிற்கும் முகமண்டபமே அதன் அடித்தளம். மேலே போகப் போக எண்கோணமாக மாறுகிறது. உச்சி வரை 280 அடி. அந்த உயரத்தில் மேற்கிந்தியாவின் பல சாதி மக்களைக் குறிக்கும் 24 கல் உருவங்கள் மாடங்களில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 8 அடி. கீழிருந்து பார்ப்பவர்களுக்குப் பொம்மைபோல் தெரிகின்றன. இவற்றின் மாதிரிகளை வடித்தவர் ராவ் பகதூர் முகுந்த் ராமச்சந்திரா என்ற உதவி இன்ஜினீயர். ஐரோப்பாவானால் அந்த இடத்தில் மகான்களும் அரசர்களும் நிற்பார்கள். இங்கே தலைப்பாகையும் வேட்டியுமாக உள்ளூர் ஜனங்கள் நிற்கிறார்கள். ஸ்காட்டின் புகழைப் பாடுகிறவர்கள் முகுந்த் ராமச்சந்திராவை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவது நியாயமல்ல.

கோபுரம் முடிந்தது 1878 நவம்பரில். செலவு மொத்தம் ஐந்தரை லட்சத்தை ஒட்டி வந்தது. அதே ஆண்டு மார்ச்சிலேயே ஸ்காட் லண்டனில் இறந்துவிட்டார். அவர் போட்ட கோபுரத்தை அவர் பார்க்கவில்லை. கடிகாரம் லண்டன் லண்ட் அண்ட் பிளாக்லி கம்பெனியுடையது. அந்த நாளில் மணிகள் 16 ராகங்கள் வாசித்தன. பிரிட்டிஷ் ராஜகீதமும் அவற்றில் ஒன்று.

அப்போது ஓவலின் மேற்கு ஓரத்துக்கு அப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். பேக் பே கம்பெனி திவாலான பிறகு, தூர்த்த நிலம் அரசாங்கத்துக்குப் போய், பி.பி.சி.ஐ. ரயில் பாதை அதன் வழியே கொலாபா வரை நீண்டது. சர்ச்கேட்டுக்குத் தெற்கே அந்தப் பாதை 1930 கடைசி வரை ஓடியது. ஆக, பிரேம்சந்தைக் கவிழ்த்த திட்டத்தில் மிஞ்சிய மண்ணின் மேல் ரயிலில் வந்தவர்கள், அவர் கொடுத்த கோபுரத்தில் மணி பார்த்தார்கள்.

மறுபடியும் தரகர்

திவாலான பிறகு பிரேம்சந்த் ஊரை விட்டு ஓடவில்லை. பழைய தரகுத் தொழிலுக்கே திரும்பினார். சந்தையில் அவர் வார்த்தைக்கு மதிப்பு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது; பழைய ஆதிக்கம் வரவில்லை, அவரும் அதைத் தேடிப் போனதாகத் தெரியவில்லை. டவுன் ஹாலுக்கு எதிரே ஆலமரத்தடியில் கூடிப் பேரம் பேசிக்கொண்டிருந்த தரகர்கள் ஒரு சங்கமாகத் திரண்டு, 1875 ஜூலை 9-ல் அமைப்பு ஒன்றை உண்டாக்கினார்கள். 318 உறுப்பினர்கள், நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். இன்றைய பம்பாய்ப் பங்குச் சந்தை அதுதான். அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவராகப் பிரேம்சந்தைச் சொல்கிறார்கள். 1865-ல் சட்டதிட்டம் இல்லாத சந்தை என்ன செய்யும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?

அவருடைய மற்றக் கொடைகளும் நின்று பலன் தந்தன. கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு 1866-ல் 2 லட்சம் போனது. தாம் வாழாத ஊர், தமக்குத் தெரியாத மாணவர்கள். அந்தப் பணத்தில் வைக்கப்பட்ட பிரேம்சந்த் ராய்சந்த் ஸ்காலர்ஷிப் வங்காளத்தில் பெரிய கௌரவமாக மதிக்கப்பட்டது. அசுதோஷ் முகர்ஜியும் சரித்திர ஆசிரியர் ஜதுநாத் சர்க்காரும் அதைப் பெற்றவர்கள். அகமதாபாத்தில் ஆசிரியைகளைப் பயிற்றும் கல்லூரி, சூரத்தில் தந்தை பெயரில் பெண்கள் பள்ளி, பல ஊர்களில் தர்மசாலைகள் என்று பட்டியல் நீளும்.

1906 ஆகஸ்ட் 31-ல், 75 வயதில், பிரேம்சந்த் காலமானார். கோபுரத்தின் மணியை அவர் இருபத்தெட்டு வருஷம் கேட்டிருக்கிறார். தின்ஷா வாச்சா 1913-ல் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். இளம் வயதில் அந்தப் பருத்திக் காலத்தை நேரில் பார்த்தவர் அவர்.

கல்லுக்கும் வயதாகும்

கடற்காற்றும் புகையும் 130 வருஷத்தில் கோபுரத்தைக் கறுக்க வைத்தன. கண்ணாடிச் சன்னல்கள் சிதைந்தன; கூரை ஒழுகியது. 2013 முதல் 2015 வரை நூலகத்தையும் கோபுரத்தையும் பழுதுபார்த்தார்கள். உடைந்த வண்ணக் கண்ணாடிகளைத் துண்டு துண்டாகக் கழற்றிச் சுத்தம் செய்து பழையபடி பதித்தார்கள். கல்லின் இயல்பான மஞ்சள் நிறம் அப்போதுதான் பலர் கண்ணில் பட்டது. 2018-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் இந்தப் பணிக்கும் அங்கீகாரம் கிடைத்தது. அதே 2018 ஜூன் 30-ல் ஓவலின் கிழக்கே நிற்கும் பழைய கோதிக் கட்டிடங்களும், மேற்கே 1930-களை ஒட்டி எழுந்த வளைவு மாடி வீடுகளும் சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

கோபுரத்தின் மேலே ஏறப் பொதுமக்களை வெகு காலமாக விடுவதில்லை. 16 ராகங்களும் இப்போது கிடையாது. கால் மணிக்கு ஒரு தரம் ஒரே ராகம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓவலின் மேற்கு ஓரத்தில், கிரிக்கெட் பந்து வந்து விழாத இடமாகப் பார்த்து நின்றால், வெயில் நேராகக் கோபுரத்தின் முகத்தில் விழும். கடிகாரத்துக்கு மேலே, மாடங்களில் நிற்கிறவர்களின் தலைப்பாகைகூட அப்போது தெரியும்.